எனக்கு விளங்கிய முதல் பகிடி

அன்பு மகனுக்கு,

இந்தக் கையெழுத்தைப் பார்த்துவிட்டு யாரோ பள்ளிக்கூடப் பிள்ளையின் கடிதம் தவறி உன் வீட்டுக்கு வந்துவிட்டது என்று நினைக்காதே. அப்பாதான் எழுதுகிறேன். கோடு போட்ட கொப்பிதான் வாங்கினேன். இருந்தும் எழுத்துகள் கோட்டில் நிற்கமாட்டேன் என்கின்றன. இடது பக்கம் நிமிர்ந்து தொடங்கி வலது பக்கம் போகும்போது களைத்துக் கீழே சரிகின்றன. இதைப் பொறுத்துக்கொள். இந்த ஒரு பந்திக்கு எனக்கு ஒரு காலைப்பொழுது போய்விட்டது. நடுவில் இரண்டு தரம் தேத்தண்ணீர் குடித்தேன். விரல் நோகிறது. ஆனால் இவ்வளவு சந்தோஷமாக எனக்கு ஒருநாளும் விரல் நொந்ததில்லை.

ஞாயிற்றுக்கிழமை, நீ கட்டப்போகிற ஹானாவின் வீட்டிலிருந்து என்னைக் காரில் கொண்டுவந்து விடும்போது நீ ஒரு கேள்வி கேட்டாய். "எப்ப தொடக்கம் அப்பா?" என்றாய். "எழுதித் தாறன்" என்றேன். நீ சிரித்தாய். பிறகு சிவப்பு விளக்கில் கார் நிற்கும்போது முகத்தை யன்னல் பக்கம் திருப்பிக்கொண்டாய். வாயால் சொல்லத் தொடங்கியிருந்தால் வழக்கம்போலப் பாதியை விழுங்கியிருப்பேன். எழுத்தில் அது முடியாது. ஒரு சொல்லைப் போட இவ்வளவு பாடுபட்ட பிறகு அதை வெட்ட மனம் வராது.

எனக்கு எழுத வாசிக்கத் தெரியாது, தம்பி. தெரியாமல் இருந்தது. எழுபத்தொரு வயதுவரை தெரியாது. எங்கள் ஊர்ப் பக்கத்தில் படிக்காதவன் இருக்கலாம், ஆனால் பேப்பர் வாசிக்கத் தெரியாதவன் என்றால் ஒரு மாதிரித்தான் பார்ப்பார்கள். இரண்டாம் வகுப்போடு என்னை நிற்பாட்டி மாமாவின் லொறிக்கு அனுப்பினார்கள். இலக்கம் படித்தேன், ஏனென்றால் மூட்டை எண்ணவேண்டும். எழுத்து வேண்டியிருக்கவில்லை. வேண்டிவந்தபோது கேட்க வெட்கமாக இருந்தது. அந்த வெட்கத்தையும் சூட்கேசில் வைத்துக்கொண்டு கனடாவுக்கு வந்தேன். உன் அம்மாவுக்குத் தெரியும். அவ ஒருத்தருக்கும் சொல்லவில்லை. உன் பள்ளிக்கூடக் கடிதம், பாங்க் கடிதம், டொக்டர் தந்த துண்டு எல்லாம் அவதான். நான் பக்கத்தில் நின்று தலையாட்டுவேன். வெள்ளிக்கிழமைகளில் பிளாசாவில் இலவசத் தமிழ்ப் பேப்பர் எடுத்து அக்குளில் செருகிக்கொண்டு வருவேன், உனக்கு ஞாபகம் இருக்கும். படம் பார்ப்பேன். மரண அறிவித்தலில் தெரிந்த முகம் இருந்தால் அம்மாவிடம், "உவர் எங்கட ஆள் மாதிரிக் கிடக்கு, என்ன போட்டிருக்கு, கண்ணாடி மங்கலாக் கிடக்கு" என்பேன். முப்பது வருடம் என் கண்ணாடி மங்கலாகவே இருந்தது.

இதைவிட ஒரு பெரிய பிழை இருக்கிறது. உன்னைச் சனிக்கிழமைகளில் தமிழ் வகுப்புக்கு இழுத்துக்கொண்டு போனது நான்தான். நீ ஹொக்கி விளையாட வேண்டும் என்று அழுவாய். ஒருமுறை நாற்பத்திரண்டு புள்ளியோடு வந்தாய். இலக்கம் எனக்குத் தெரியுமே, அதனால் அதைக் கண்டுவிட்டேன். தாய்மொழியை மதிக்காதவன் மனிதனா என்று வீடு இடிய உன்னை ஏசினேன். நீ கையில் வைத்திருந்த அந்தத் தாளில் ஒரு சொல்லையும் என்னால் வாசிக்க முடியாது. அன்றைக்கு உன் நாற்பத்திரண்டில் பாதிகூட எனக்கு வராது. இதைச் சொல்லாமல் சாகக்கூடாது என்று இருந்தேன். சொல்லிவிட்டேன். கொஞ்சம் இரு, எழுந்து நடந்துவிட்டு வருகிறேன்.

இனிப் போன வருடத்து விஷயம். ஹானா வீட்டில் ஹனுக்கா என்ற அந்த எட்டு நாள் விளக்குப் பண்டிகையின் முதல் நாள். ஒரு யூத வீட்டுக்குள் நான் போனது அதுதான் முதல் தடவை. லட்டுப் பெட்டியோடு போனேன். வாசலில் ஹானாவின் தாய் மிரியம் என் குளிர்ச்சட்டையை வாங்கி மாட்டிவிட்டு, உருளைக்கிழங்கு வாசனை மூன்று கிழமைக்கு இந்தச் சட்டையை விட்டுப் போகாது, அதற்காக இப்போதே மன்னிப்புக் கேட்கிறேன் என்று சொன்னாவாம். நீ பிறகுதான் எனக்குத் தமிழில் சொன்னாய். எல்லோரும் சிரித்தபோது நானும் சிரித்தேன். முகத்தைப் பார்த்து நேரத்துக்குச் சிரிப்பதில் நான் கெட்டிக்காரன். இந்த நாட்டில் நான் சிரித்த சிரிப்பில் முக்கால்வாசி அப்படித்தான்.

மிரியம் திரி கொளுத்தினா. அவர்கள் பாட்டுப் பாடினார்கள். பிறகு எல்லோரும் சும்மா இருந்தார்கள். அந்தத் திரிகள் எரியும் அரை மணித்தியாலம் வீட்டில் ஒருவரும் வேலை செய்யக்கூடாது, மிரியத்தின் தகப்பன் அந்த நேரத்தைப் பகிடிக்கு என்று ஒதுக்கிவிட்டார் என்று நீ சொன்னாய். ஒரு கிண்ணம் வந்தது. அதற்குள் சுருட்டிய துண்டுகள். அவர் உயிரோடு இருக்கும்போது எழுதிப்போட்டவையும், பிறகு வீட்டுக்கு வந்தவர்கள் எழுதிப்போட்டவையும். ஒவ்வொருவரும் ஒன்றை எடுத்து வாசிக்க வேண்டும், வாசித்தவருக்கே முதல் சூட்டு லாட்கே. உருளைக்கிழங்கைத் துருவிப் பொரித்த அந்தத் தட்டைக்காக உன் வருங்கால மச்சான் இரண்டு தரம் வாசித்தான். கிண்ணம் சுற்றிக்கொண்டு என் பக்கம் வந்துகொண்டிருந்தது. இங்கிலிஷ் தெரியாது என்று சொல்லித் தப்பலாம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். மிரியம் கிண்ணத்துக்குள் தேடி ஒரு மஞ்சள் துண்டை எடுத்து என் கையில் தந்தா. அது தமிழில் இருந்தது. உன் எழுத்து. எனக்கென்று நீ எழுதி வைத்திருந்தாய். தமிழ் தெரியாது என்று எப்படிச் சொல்வது?

"கண்ணாடி கொண்டுவர மறந்துபோனன்" என்றேன். நீ சிரித்துக்கொண்டு, "அப்பா, சேர்ட் பொக்கற்றில கிடக்கு" என்றாய். உன்னிடம் கேட்டு ஹானா அதை அவர்களுக்குச் சொன்னாள். மேசை முழுவதும் சிரித்தது. மிரியத்தின் தகப்பனும் கண்ணாடியை நெற்றியில் போட்டுக்கொண்டு கண்ணாடி தேடுகிறவராம், அதை நினைத்துத்தான் சிரித்தார்கள் என்று இப்போது தெரியும். அன்று எனக்கு, பிடிபட்டுவிட்டேன் என்றுதான் பட்டது. இத்தனை பேரும் கண்டுபிடித்துவிட்டார்கள், என்னைப் பார்த்துத்தான் சிரிக்கிறார்கள் என்று நினைத்தேன். "உங்கட பகிடியும் வேண்டாம், சாப்பாடும் வேண்டாம்" என்று எழுந்தேன். சட்டையைப் பாதி போட்டபடி பஸ் தரிப்புக்கு நடந்தேன். நீ பின்னாலேயே காரைக் கொண்டுவந்தாய்.

அந்தக் காரில் நீ கேட்டது ஒவ்வொரு சொல்லாக எனக்கு நினைவிருக்கிறது. "ஹானாவைப் பிடிக்கேல்லை எண்டா நேர சொல்லுங்கோ. அவையின்ர சமயம் பிடிக்கேல்லை எண்டாலும் சொல்லுங்கோ." எங்கள் வெக்ஸ்போர்ட் பக்கம் வரும்வரை நான் வாய் திறக்கவில்லை. அதுதான் என் பெரிய குற்றம், தம்பி. எழுத்து தெரியாதது குற்றம் இல்லை. தகப்பன் சாதி சமயம் பார்க்கிறவன் என்று நீ நினைப்பதைப் பொறுத்துக்கொள்ள முடிந்தது. தகப்பனுக்கு வாசிக்கத் தெரியாது என்று நீ நினைப்பதைப் பொறுக்க முடியாது போலிருந்தது. ஆகவே சும்மா இருந்தேன். அந்தப் பிள்ளையை எனக்கு முதல் நாளே பிடித்துப்போனது. என் வெட்கத்தை மறைக்க அவளைப் போர்வையாக்கினேன்.

பிறகு நடந்தது உனக்குத் தெரியும். ஞாயிற்றுக்கிழமைகளில் நீ தனியே வரத் தொடங்கினாய். சாப்பிட்டீங்களோ, மருந்து எடுத்தீங்களோ, அதோடு கதை முடிந்துவிடும். பதிந்துவைத்திருந்த கலியாண மண்டபத்தை விட்டுவிட்டதாகப் பங்குனி மாதம் சொன்னாய். மாப்பிள்ளையின் தகப்பன் வந்து இருக்கமாட்டாத மணவறையில் தான் இருக்கமாட்டேன் என்று ஹானா சொல்லிவிட்டாளாம். அதைச் சொல்லும்போது உன் குரலில் கோபம் இருக்கவில்லை. களைப்புத்தான் இருந்தது. கோபமாக இருந்திருந்தால் எனக்கு நன்றாக நித்திரை வந்திருக்கும்.

அந்த மஞ்சள் துண்டு என் சட்டைக்குள் இருந்தது. வாசலால் வெளியே வரும்போது கையில் இருந்ததை அப்படியே வைத்துவிட்டேன். தை மாதம் முடியுமுன்பே அதை எடுத்துக்கொண்டு எட்டாம் மாடி றெஜினா ரீச்சரிடம் போயிருந்தேன். மன்னாரில் முப்பது வருடம் படிப்பித்தவ. எங்கள் கட்டடத்தில் ஒருவரையும் பிழை விட்டுத் தப்ப விடமாட்டா. "ரீச்சர், இதை வாசிக்கப் பழக்கி விடுங்கோ" என்றேன். அவ துண்டை வாங்க கையை நீட்டினா. "வாசிச்சுக் காட்டுறன், தாங்கோ" என்றா. நான் பின்னுக்கு இழுத்துக்கொண்டேன். "வேண்டாம். நானே வாசிக்கவேணும்." ரீச்சர் கதவை அகலத் திறந்தா. "அப்ப செருப்பைக் கழட்டிப்போட்டு உள்ள வாங்கோ அண்ணை, ஆனா பிந்தி வந்தா வெளியில நிப்பாட்டுவன்" என்றா.

குசினி மேசையில் வைத்துத்தான் படிப்பித்தா. கோயில் அறிவித்தல் தாள், மளிகைக்கடை விளம்பரம், மருந்துப் போத்தலில் அவவே ஒட்டிய பேர்கள். நான் எழுதியதைக் கண்ணாடிக்கு மேலால் பார்த்து, "அண்ணை, உந்த 'ற'வுக்குக் கால் முறிஞ்சு கிடக்கு, ஆசுபத்திரிக்குக் கொண்டு போகட்டோ?" என்பா. ஒருநாள் நான் ஆறு தரம் பிழை விட்டபோது, தன்னிடம் படித்த ஆயிரம் பிள்ளைகளில் மோசமான கையெழுத்து எனக்குத்தான் என்றா. "ஆனா எல்லாரையும் விட வீட்டுவேலை ஒழுங்காச் செய்யிற பிள்ளையும் நீங்கள்தான்" என்று பிறகு சொன்னா. அந்த நாள் முழுக்க என் கால் நிலத்தில் படவில்லை.

மஞ்சள் துண்டைக் கடைசி எழுத்துவரை வாசித்தது ஆவணி மாதம், லோறன்ஸ் வீதி பஸ்ஸில். நீ இப்படி எழுதியிருந்தாய்: ஒரு கிழவர் கடவுளிடம் முறையிட்டாராம். ஒரு நாளுக்குக் காணும் எண்ணெயை எட்டு நாள் எரிய வைத்தாயே, ஒரு நாள் வந்து நிற்கிறேன் என்று வருகிற என் மகனையும் எட்டு நாள் நிற்க வைத்தால் என்ன? அதற்குக் கடவுள், எண்ணெயை வைக்கக் கோயிலில் இடம் இருந்தது, உன் தெருவில் அவன் காரை விட இடம் எங்கே என்றாராம். நான் பஸ்ஸில் தனியே சிரித்தேன். முன்னால் இருந்த பெண் திரும்பிப் பார்த்தா. நீ ஒவ்வொரு ஞாயிறும் எங்கள் கட்டடத்துக்கு முன்னால் காரை விட இடம் தேடிப் பதினைந்து நிமிடம் சுற்றிக்கொண்டு வருவாயே, அதை எழுதியிருக்கிறாய். அந்த வீட்டுப் பகிடிக்குள் என்னையும் உன்னையும் சேர்த்து வைத்திருக்கிறாய். நானோ அதைச் சட்டைக்குள் போட்டுக்கொண்டு எழுந்து ஓடியிருக்கிறேன். இறங்க வேண்டிய இடம் கடந்துபோய் நாலு தரிப்புத் தள்ளி இறங்கினேன்.

ஆவணியிலேயே உன்னைக் கூப்பிட்டுச் சொல்லியிருக்கலாம். இரண்டு தரம் போனைக் கையில் எடுத்தேன். இரண்டு தரமும் சாப்பிட்டியோ என்று கேட்டுவிட்டு வைத்தேன். வாய்க்கு இருந்த பழக்கம் அது. ஆகவே இந்த வருடம் நீ வந்து, மிரியம் கடைசியாக ஒரு தரம் கேட்டுப்பார்க்கச் சொன்னா, கிண்ணமும் இல்லை பகிடியும் இல்லை, உருளைக்கிழங்கு மட்டும்தான் என்று சொல்லச் சொன்னா என்றாய். தன் தகப்பனுடைய கிண்ணத்தை எனக்காக ஒளித்துவைக்கத் தயாராக இருக்கிறா. "கிண்ணம் இருக்கட்டும்" என்றேன். நீ நம்பவில்லை. நம்பாதது உன் பிழையில்லை.

நல்லெண்ணெய்ப் போத்தல் பற்றியும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் காரில் நீ அதைக் கண்டு முகம் சுளித்தாய். நல்ல காரியத்துக்குப் போகிற வீட்டுக்கு எண்ணெய் கொண்டுபோகக்கூடாது என்று எனக்கும் தெரியும். அம்மா இருந்திருந்தால் வாசலிலேயே மறித்திருப்பா. ஆனால் அந்தப் பண்டிகையே எண்ணெய்ப் பண்டிகை என்று உன் துண்டை வாசித்துத்தானே தெரிந்துகொண்டேன். ரீச்சரிடம் கேட்டேன். "அவைக்கு நல்லதெண்டா உங்களுக்கும் நல்லதுதான், பெரிய போத்தலா வாங்குங்கோ" என்றா. மிரியம் அதைக் கையில் வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டுச் சொன்னதை நீ எனக்குத் தமிழில் சொன்னாய். அந்தக் காலத்தில் ஒரு நாள் எண்ணெய் எட்டு நாள் எரிந்தது, இந்த வீட்டில் எட்டு நாள் எண்ணெய் முதல் நாளே முடிகிறது, இதுவும் அதிசயம்தான், ஆனால் இதற்கு ஒருவரும் பண்டிகை வைக்கவில்லை. நீ சொல்லி முடித்தபின் சிரித்தேன். மற்றவர்கள் சிரித்து ஓய்ந்த பிறகு நான் தனியே சிரித்தேன். பிந்திய சிரிப்புத்தான், ஆனால் விளங்கிய சிரிப்பு. நீ என்னைத் திரும்பிப் பார்த்தாய்.

அன்று எட்டாம் நாள், எட்டுத் திரிகளும் எரிந்துகொண்டிருந்தன. ஒன்பதாவது திரி உயரமாகத் தனியே நின்றது. மற்ற எல்லாவற்றையும் கொளுத்துவது அதுதான், ஆனால் கணக்கில் அதைச் சேர்ப்பதில்லை, அந்தத் திரிக்குத் தன் பெயரை வைத்திருக்கலாம் என்று மிரியம் சொன்னா. கிண்ணம் சுற்றி வந்தது. என்னிடம் வந்தபோது அவ அதை என் தலைக்கு மேலால் எடுத்து ஹானாவுக்குக் கொடுக்கப் பார்த்தா. நோகாமல், ஒருவரும் கவனிக்காத மாதிரி. நான் அவவின் கையைப் பிடித்தேன். கண்ணாடியை எடுத்துப் போட்டேன். சட்டைப் பொக்கற்றில் கொண்டுவந்திருந்த மஞ்சள் துண்டை எடுத்து விரித்தேன்.

எழுத்து எழுத்தாக வாசித்தேன். 'முறையிட்டாராம்' என்ற சொல்லில் மூன்று தரம் விழுந்து எழும்பினேன். நீ தமிழை இங்கிலிஷில் சொல்லிக்கொண்டு வந்தாய், நடுவில் உன் குரல் நின்றுவிட்டது. ஹானா உன் கையைப் பிடித்தாள். அப்போதுதான் அவர்களுக்கும் விளங்கியது என்று நினைக்கிறேன், நான் போன வருடம் ஏன் எழுந்து போனேன் என்று. மேசையில் ஒரு மாதிரியான அமைதி. எனக்கு மிகவும் பயமான அமைதி அதுதான், பரிதாபப்படுகிற அமைதி. மிரியம்தான் அதை உடைத்தா. திரிகளைக் காட்டி என்னவோ சொன்னா. நீ கண்ணைத் துடைத்துக்கொண்டு எனக்குச் சொன்னாய்: "அப்பா, கெதியா வாசியுங்கோவாம். நீங்கள் முடிக்கிறவரைக்கும் திரி எரிஞ்சுதெண்டா அதை ஒன்பதாம் அதிசயமா எழுதி வைப்பமாம்."

தம்பி, ஒரு வருடத்துக்கு முன் அதைக் கேட்டிருந்தால் நான் மறுபடியும் எழுந்து போயிருப்பேன். இப்போது சிரித்துச் சிரித்து இருமல் வந்துவிட்டது. அவ என்னைப் பார்த்துப் பகிடி விட்டா என்றால், தன்னைப் பார்த்து விடுகிற மாதிரி விட்டா. நானும் அந்த வீட்டு ஆள் என்றுதானே அர்த்தம்? எங்கள் ஊரில் பகிடி என்றால் பெரும்பாலும் அடுத்தவனைப் பற்றி. நொண்டுகிறவனுக்குப் பட்டம், திக்குகிறவனுக்குப் பட்டம். அதற்குப் பயந்தே நான் அறுபது வருடம் ஒன்றைப் பொத்திப் பிடித்துக்கொண்டிருந்தேன். இவர்கள் தங்கள் கஞ்சத்தனம், பயம், சமையல், கடவுளோடு உள்ள சண்டை எல்லாவற்றையும் எழுதிக் கிண்ணத்தில் போட்டு மேசையைச் சுற்றி அனுப்புகிறார்கள். கேட்டு முடிய ஒரு லாட்கே தருகிறார்கள். பிறகு கடவுளின் பதிலையும் வாசித்து முடித்தேன். கடைசிச் சொல்லை நான் வாசிக்கும்போது இரண்டு திரிதான் மிச்சம். எனக்கு முதல் சூட்டு லாட்கே கிடைத்தது. வாய் வெந்துவிட்டது, இன்னும் ஆறவில்லை.

வைகாசியில் கலியாணம் என்று ஹானா வாசலில் வைத்து என் காதில் சொன்னாள். தமிழில் சொன்னாள், நீ சொல்லிக் கொடுத்திருப்பாய். நான் மணவறைக்குப் பக்கத்தில் முதல் ஆளாக வந்து இருப்பேன் என்று அவளிடம் சொல். உனக்குப் புத்தி சொல்லும் தகுதி எனக்கு இல்லை, ஆனால் தகப்பன் என்றபடியால் ஒன்று சொல்கிறேன். அவள் ஒரு பகிடி சொல்லி உனக்கு விளங்காவிட்டால், விளங்கவில்லை என்று சொல். முகத்தைப் பார்த்துச் சிரிக்காதே. ஒரு தரம் பொய்யாகச் சிரித்தால் அடுத்த தரம் கேட்க வெட்கம் வரும், அப்படியே முப்பது வருடம் போய்விடும். அவள் சும்மா இருந்தால், ஏன் என்று இரண்டாம் தரமும் கேள். காரில் நீ என்னிடம் ஒரு தரம்தான் கேட்டாய். இரண்டாம் தரம் கேட்டிருந்தால் சொல்லியிருப்பேனா என்று எனக்குத் தெரியாது. இருந்தாலும் நீ கேள்.

இனி மிரியம் எனக்குத் தந்த வேலை. துண்டு வாசித்தவர் தன்னுடைய சொந்தத் துண்டு ஒன்றைப் போடவேண்டுமாம், அதுவும் தன்னைப் பற்றியதாக. மூன்று நாள் யோசித்தேன். முதலில் உனக்கு எழுதுகிறேன், நீ சிரித்தால் போடுகிறேன்.

நான் தனியே இங்கே வந்து, நிலக்கீழ் அறையில் ஆறு பேரோடு இருந்த காலத்தில் அம்மா மாதம் ஒரு கடிதம் போடுவா. கூட இருந்த சிவம்தான் வாசித்துக் காட்டுவான், பதில் எழுதுவதும் அவன்தான். ஒவ்வொரு கடிதமும் ஒரே மாதிரி முடியும்: 'வாசித்துக் காட்டுகிற சிவம் அண்ணைக்கு ஒரு கோழிக்கறி வைத்துக் கொடுங்கோ.' என் மனுசிக்கு எவ்வளவு இரக்கம் என்று நினைத்து, மூன்று வருடம் மாதம் தவறாமல் கோழி வைத்தேன். போன ஐப்பசியில் பெட்டியைத் திறந்து அந்தக் கடிதங்களை நானே வாசிக்கத் தொடங்கினேன். வாசித்த ஒன்றிலும் சிவத்துக்கென்று கோழி இல்லை. கடைசி வரியில் அம்மா எழுதியிருக்கிறா: 'நீங்கள் சாப்பிடாமல் மெலிந்துபோனதாக எழுதியிருந்தீர்கள். உங்களுக்கு ஒரு கோழி வாங்கிச் சமைத்துச் சாப்பிடுங்கோ.'

மெலிந்துபோனதாக நான் எழுதச் சொல்லவில்லை. சிவத்துக்கு அடிக்கடி கோழி தேவைப்பட்டிருக்கிறது, அவ்வளவுதான். அவன் போய்ப் பல வருடமாகிறது. இருந்திருந்தால் இன்றைக்கே கூப்பிட்டு இன்னொரு கோழி வைத்திருப்பேன்.

இன்னும் இருபத்தாறு கடிதம் வாசிக்காமல் இருக்கிறது. மெதுவாகத்தான் போகிறேன், கிழமைக்கு ஒன்று, அதற்குமேல் மனம் தாங்காது. வாசித்து முடித்ததில் நீ தவழத் தொடங்கிவிட்டாய். அடுத்த கடிதத்தில் நடப்பாய் என்று நினைக்கிறேன். நடந்தாயா இல்லையா என்று வருகிற செவ்வாய்க்கிழமை உனக்கு எழுதுகிறேன்.

அப்பா